ஏழு பூ போதும்

ஒன்பது பூ. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பாண்டிச்செல்வி நான்கு முறை எண்ணிவிட்டாள். ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மனசு கேட்க வேண்டுமே.

திருத்தங்கல் வீட்டு மொட்டை மாடியில் பச்சை வலை கட்டி, அதற்குக் கீழே இருபத்து மூன்று ஆர்கிட் தொட்டிகள் வைத்திருக்கிறாள். தொட்டியில் மண் கிடையாது. கரித்துண்டும், ஓட்டுச் சில்லும், தேங்காய் மட்டையும்தான். பட்டாசு காய்வதற்கென்றே வெயிலடிக்கிற ஊர் இது. மழைக்காட்டில் மரத்தைத் தொற்றிக்கொண்டு வளர்கிற செடியை இங்கே பூக்கவைக்கிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ஏழு வருடம் சிரித்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விஸ்வநத்தத்தில் பட்டாசுக்குத் திரி சொருகும் வேலைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு தடவை, வந்தபிறகு இரண்டு தடவை, தொட்டிகளுக்கு அடியில் விரித்த சாக்கை நனைத்து நனைத்தே வளர்த்துவிட்டாள்.

அந்தப் பச்சை வலைக்குத்தான் போன வாரம் நாள் குறித்தார்கள். குறித்தவர் வேறு யாருமில்லை, கணவன் காசிராஜனின் அண்ணன் அய்யாதுரை. கீழ் வீட்டில் இருக்கிறார், பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறார். பெட்டி ஒட்டுவதற்கு மாடியில் தகரக் கொட்டகை போடவேண்டும் என்றார். அவள் உள்ளேயிருந்து முணுமுணுத்தது காதில் விழுந்ததோ என்னவோ, கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். விருதுநகரில் நடக்கிற ஆர்கிட் போட்டியில் முதல் பரிசு வாங்கிவந்தால் மாடி அவளுக்கு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் கொத்தனார் வந்துவிடுவார்.

பக்கத்தில் நின்ற காசிராஜன் என்ன சொன்னான் என்கிறீர்களா? தலையை ஆட்டினான். பெண்டாட்டி பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் முன்னால் அவனுக்கு என்றைக்குமே வாய் இருந்ததில்லை. அன்றிலிருந்து நான்கு நாளாக அவள் அவனுக்குச் சோறு போடுவதோடு சரி.

இன்றைக்குப் போட்டி. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் காசிராஜன் தானாகவே மாடிக்கு ஏறி, பூந்தண்டைச் சுற்றித் தாள் சுற்றி வைத்திருந்தான். அவள் எடுத்துவைத்திருந்த பழைய செய்தித்தாள் ஓரமாகக் கிடந்தது.

அது தொளதொளவென்று இருக்கிறது, பஸ் காற்றில் பூவிலேயே அடிக்கும், இது நல்ல கனமான தாள் என்று அவளைப் பார்க்காமல் சொன்னான். ஆப்செட் அச்சகத்தில் பதினாறு வருடமாக மிஷின் ஓட்டுகிறவன். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, ஒரு சுருக்கம் இல்லாமல் கூம்பு மாதிரி சுற்றியிருந்தான். அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டாள். நான்கு நாள் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இளகிவிட்டது என்பதை மறைக்க முடியாது. ஏழு வருடத்தில் அவன் செடிக்காகச் செய்த முதல் காரியம் அது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். திரி சொருகுகிற அறையில் எதையும் இழுக்கக்கூடாது, உரசக்கூடாது, சத்தம் வரும்படி கீழே வைக்கக்கூடாது. பன்னிரண்டு வருடம் அப்படிப் பழகிய கை. பஸ் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவள் உடம்புதான் ஆடியது, தொட்டி ஆடவில்லை. காசிராஜன் சீட்டை ஒட்டி நின்று, ஏறுகிற இறங்குகிற கூட்டத்தை முழங்கையால் தடுத்துக்கொண்டே வந்தான். வழியில் ஏறிய ஒரு கிழவர் அந்த வெள்ளைக் கூம்பைப் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று பவ்யமாக விசாரித்தார்.

"கோயிலுக்கு இல்லைய்யா. போட்டிக்கு" என்றாள் பாண்டிச்செல்வி. கிழவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவைத்தார்.

கல்யாண மண்டபத்தில் நீள மேஜைகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மதுரை, ராஜபாளையம், தேனி என்று எங்கெங்கிருந்தோ வந்த நாற்பது ஐம்பது பேர் தங்கள் தொட்டிகளை வைத்துவிட்டு, அடுத்தவர் தொட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூ வளர்க்கிறவர்களுக்கு இந்த ஒரு நாள்தான். வருடம் முழுக்கத் தன் பூவையே பார்த்தவர்கள், இன்றைக்கு அதை இன்னொரு பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

"வந்துட்டியா? ஒன் எடம் எனக்குப் பக்கத்துலதான்" என்றாள் குல்சார் பேகம்.

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற கமாலுதீனின் மனைவி அவள். ஏழு வருடத்துக்கு முன்னால் தன் ஆர்கிட் தண்டில் முளைத்த விரல் நீளக் கன்று ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்தவள். அந்தக் கன்றுதான் இன்றைக்கு ஒன்பது பூவோடு வந்திருக்கிறது. தாய்ச்செடி குல்சார் பேகத்தின் தொட்டியில் பதினொரு பூவோடு நின்றது. வெள்ளை இதழ்கள். நடுவில் உதடு என்று வளர்ப்பவர்கள் சொல்கிற அந்தக் கீழ் இதழ் மட்டும் இளம் ஊதா.

"இன்னைக்கு ஒரு நாள் நீ எனக்குத் தங்கச்சி இல்ல. சாயங்காலத்துக்கு மேல பாத்துக்கிடலாம்" என்று சிரித்தாள் குல்சார்.

பாண்டிச்செல்வியும் சிரித்துக்கொண்டே தாளை அவிழ்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தண்டின் அடியில் இருந்த இரண்டு பூக்களின் வெள்ளை இதழ்களில் ரோஸ் நிறம் அப்பியிருந்தது. ஒன்றில் கட்டைவிரல் அகலம், இன்னொன்றில் இதழ் முழுக்க. கையிலிருந்த தாளின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக ஓடும் குதிரைகள், ரோஸ் நிறத்தில். பட்டாசு லேபிள். விரலால் தொட்டாள். விரலிலும் ஒட்டியது.

காசிராஜனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமில்லை. நேற்று ராத்திரி மிஷினிலிருந்து இறங்கிய தாள். தை மாதப் பனியில் மை காய ஒரு நாள் முழுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனே அவன்தான்.

அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உடனே வந்தது. வெளியே போகக்கூடாத தாள் இது. அடுத்த தீபாவளிக்கு வரப்போகிற புது லேபிள். சரக்கு கடைக்கு வருமுன் இன்னொரு கம்பெனிக்காரன் கண்ணில் பட்டுவிட்டால் அதே மாதிரி அவனும் அடித்துவிடுவான் என்று அச்சகங்களில் ஒரு கிழிசல் தாளைக்கூட வெளியே விடமாட்டார்கள். போன வருடம் ஒரே ஒரு தாளை எடுத்துப்போனவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். இது காசிராஜன் அவளிடம் சொன்னதுதான். அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்து அவன் ஏன் சுற்றினான் என்பது இப்போது புரிந்தது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று மறைத்திருக்கிறான். மறைத்த பக்கம் பூவில் பட்டுவிட்டது.

பாண்டிச்செல்வி தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் திணித்தாள்.

அதற்குள் செல்வக்குமார் வந்துவிட்டார். இரண்டு வருடமாக முதல் பரிசு வாங்குகிறவர். தொழில், நான்கைந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஏஜென்ட். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், நடுவரைக் கூப்பிட்டார். மதுரையில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கண்ணுச்சாமி மெதுவாக நடந்து வந்தார்.

"பூவுக்கு மை தடவிருக்காக சார்" என்றார் செல்வக்குமார். "வீட்டுக்காரர் அச்சாபீசுல இருக்காரு. இது தடவும்போது சிந்துன மை. அந்த உதட்டையும் பாருங்க. பேகம் செடியும் இதுவும் ஒரே செடி. அதுல இளம் ஊதா. இதுல எப்படி இம்புட்டு அடர்த்தி வரும்?"

கேட்கக்கூடாத கேள்வி இல்லை. பாண்டிச்செல்வியின் பூவில் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. மொட்டை மாடியில் காலை வெயிலும் ராத்திரிப் பனியும் நேராகப் படுகின்றன, பேகம் அக்கா வீட்டில் முற்றத்து நிழல், அதனால் வந்த வித்தியாசம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படி வருவது உண்டுதான் என்று கண்ணுச்சாமி ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த ரோஸ் கறை எப்படி வந்தது என்று கேட்டார். நிறம் பூசிய செடியை விலக்கிவிடுவோம், கொண்டுவந்தவர் பிறகு எந்த வருடமும் கலந்துகொள்ள முடியாது என்றும் சொன்னார்.

அவள் கை பைமேல் போனது. தாளை எடுத்துக் காட்டினால் பூ பிழைக்கும், புருஷன் வேலை போகும். அதுவும் யார் முன்னால்? ஏஜென்ட் செல்வக்குமார் முன்னால். காட்டாவிட்டால் நாளைக்குக் கொத்தனார். ஏழு வருடம் நனைத்த சாக்கு, இருபத்து மூன்று தொட்டி, எல்லாம் போகும். கண்ணில் நீர் முட்டியது. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பையை ஒரு கை வந்து மெதுவாக வாங்கியது. காசிராஜன்.

தாளை எடுத்தான். மேஜைமேல், எல்லாரும் பார்க்க விரித்தான்.

"அய்யா, தப்பு என்னுது" என்றான். "நேத்து ராத்திரி நான் ஓட்டுன தாளு இது. மை காயலை. காயலைங்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். காலையில நான்தான் பூவுல சுத்துனேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

குரல் நடுங்கியதுதான். ஆனால் நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்து நடுவரிடம் நீட்டினான். அச்சில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க மிஷின்காரர்கள் எப்போதும் வைத்திருக்கிற லென்ஸ் அது. அச்சில் விழுகிற படமெல்லாம் புள்ளிதான், முதலில் அந்தக் கறையைப் பாருங்கள், பிறகு உதட்டைப் பாருங்கள் என்றான்.

கண்ணுச்சாமி குனிந்தார். கறை பட்ட இதழில், கோலத்துக்கு வைத்த மாதிரி, பொடிப் பொடியாக ரோஸ் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றன. லென்ஸைத் தாளுக்கு நகர்த்தினார். அதே புள்ளி, அதே வரிசை. பிறகு உதட்டுக்கு நகர்த்தினார். அங்கே ஒரு புள்ளி இல்லை. நிறம் தோலுக்கு உள்ளேயிருந்து வந்து, நரம்போடு நரம்பாக ஓடி, விளிம்பில் வெளுத்தது. மேலேயிருந்த ஏழு பூவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொட்டியில் நிறத்தண்ணீர் ஊற்றியிருந்தால் வெள்ளை இதழின் நரம்பிலும் ஏறியிருக்கும், அங்கே ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்.

"எங்க, நான் பாக்கேன்" என்று லென்ஸை வாங்கினாள் குல்சார் பேகம். தன் பூவை ஒருமுறை, பாண்டிச்செல்வியின் பூவை ஒருமுறை பார்த்தாள். போட்டியில் எதிரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு லாபம்.

"எம் பூவும் இப்படித்தான் இருக்கு. இது கொஞ்சம் கூடுதலா வெயில் குடிச்சிருக்கு, அம்புட்டுத்தான்" என்றாள். "நான் குடுத்த செடிக்கு மை பூச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்ல."

 செல்வக்குமாரின் கண் மேஜைமேல் கிடந்த குதிரைகளைவிட்டு நகரவில்லை. காசிராஜன் அதைக் கவனித்துத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தான். பார்க்க வேண்டியதை அவர் பார்த்து முடித்திருந்தார்.

இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. கறை பட்ட பூவோடு செடியை மதிப்பிட முடியாது, மதிப்பிடுவதற்கு முன்னால் அவற்றை எடுத்துவிடலாம், ஆனால் பூவின் எண்ணிக்கைக்கான மார்க் குறையும் என்றார் கண்ணுச்சாமி. ஏழு பூ. பக்கத்தில் பதினொன்று. செல்வக்குமாரின் தொட்டியில் பதின்மூன்று.

பாண்டிச்செல்வி கத்தரிக்கோல் கேட்டாள். காசிராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு வெட்டு. தண்டு அசையவில்லை. வெட்டிய பூவை மேஜையில் வைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சற்றுமுன் முட்டிய கண்ணீரும் காய்ந்துவிட்டது. அவன் அந்தத் தாளை விரித்த நொடியில் அவள் மனசில் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டரை மணி நேரம் நடுவர்கள் மூன்று பேரும் அளவுகோலும் காகிதமுமாக மேஜை மேஜையாகப் போனார்கள். செல்வக்குமாரின் பெரிய பூ ஆறு சென்டிமீட்டர். குல்சார் பேகத்தினுடையது ஆறரை. பாண்டிச்செல்வியின் நடுப்பூவில் கண்ணுச்சாமி அளவுகோலை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். அடுத்த நடுவரை அளக்கச் சொன்னார். அவரும் அளந்தார். ஏழு சென்டிமீட்டரும் இரண்டு மில்லியும். இதழ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, வட்டம் குறையாமல், கனமாக விரிந்திருந்தன. ஏழும் ஒரே அளவு, ஒரே திசையில் முகம்.

ஒரு மணிக்குக் கண்ணுச்சாமி மைக்கைப் பிடித்தார். மூன்றாவது செல்வக்குமார். இரண்டாவது குல்சார் பேகம். கொஞ்சம் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பூவை எண்ணுறதுக்கு நான் மதுரையிலருந்து வர வேண்டியதில்லை. பூ எப்படி இருக்குன்னு பாக்கத்தான் வந்தேன். முதல் பரிசு, திருத்தங்கல் பாண்டிச்செல்வி."

கைதட்டல் எழுந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். குல்சார்தான் முதுகில் கைவைத்து மேடைப் பக்கம் தள்ளினாள். சாயங்காலம்வரை தங்கச்சி இல்லை என்று சொன்னவள், ஒரு மணிக்கே கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் ஈன்ற செடியிடமே தோற்றுப்போனேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 2006 என்று பொறித்த வெள்ளிநிறக் கோப்பையைக் கையில் வாங்கியபோது பாண்டிச்செல்வி கூட்டத்தில் காசிராஜனைத் தேடினாள். அவன் கடைசி வரிசையில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவன் இப்படி எதற்கும் கை தூக்கி அவள் பார்த்ததில்லை. அவளும் கோப்பையை அவனுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.

திரும்புகிற பஸ்ஸில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வேலை என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றான். பிறகு, நான்கு நாளைக்கு முன்னால் அண்ணனிடம் சொல்லவேண்டியதை இன்றைக்கு வேறு இடத்தில் சொன்னேன் என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் யார் பார்த்தால் என்ன.

வீட்டு வாசலில் அய்யாதுரை நின்றிருந்தார். கையில் அளக்கிற டேப். பக்கத்தில் கொத்தனாரும் வந்து நின்றார், நாளைய வேலைக்கு இன்றைக்கே அளவு பார்க்க.

புருஷனின் அண்ணனிடம் பெண்கள் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. எதுவானாலும் காசிராஜன் மூலமாகத்தான் போகும். பாண்டிச்செல்வி தொட்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கோப்பையோடு அவர் முன்னாலேயே போய் நின்றாள்.

"முதல் பரிசு பெரியத்தான். கொத்தனார அனுப்பிருங்க."

அய்யாதுரை கோப்பையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி தலையை ஆட்டவும் இல்லை, குனியவும் இல்லை.

"ஆமாண்ணே. மாடி அவளுக்கு" என்றான்.

டேப் சர்ரென்று உள்ளே போனது. ஆயிரம் குறை இருந்தாலும் சொன்ன சொல்லை மாற்றுகிற மனுஷர் இல்லை அவர். கொத்தனாரைப் பார்த்துப் போகும்படி கையைக் காட்டினார். ஏழு பூவையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"ஏலே காசி, ஒங்க மொதலாளி ஆளு அனுப்புனாரு. தாளு வெளிய போன சேதி ஒங்களுக்கு முன்னாடி இங்கன வந்துருச்சு. காலையில எட்டு மணிக்கு ஒன்ன வரச் சொல்லிருக்காரு."

காசிராஜனின் கை சட்டைக்குள் இருந்த தாளுக்குப் போனது. செல்வக்குமாரின் செல்போன் பஸ்ஸைவிட வேகமாகத்தான் வந்திருக்கிறது. அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பாண்டிச்செல்வி முந்திக்கொண்டாள்.

"நானும் வாரேன்."

"நீ எதுக்கு அங்கன?"

"எனக்காக அம்புட்டுப் பேருக்கு முன்னால பேசுனீகள்ல. உங்களுக்காகப் பேச நான் வர வேணாமா?" என்றவள், தொட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் ஏறினாள். "எட்டு மணிக்குத்தான? ஏழரைக்கே போயி நிப்போம்."